தழும்பேறிய நரம்புகள் புதிதாய்க் கற்குமா?

வலது கால் தளர்ந்துபோனவர் கைத்தடியை வலது கையில்தான் எடுப்பார். அப்படித்தான் எடுக்கத் தோன்றும். தடி இருக்க வேண்டியதோ இடது கையில். தளர்ந்த காலும் தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும். உடல் எடையில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொண்டால் இடுப்பு ஒருபக்கம் சாயாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தளர்ந்த காலும் தடியும் முதலில். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். உடம்பு அதைத் தானாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். சிறு வயது முதல் யோசிக்காமல் செய்துவந்த ஒரு காரியத்தை யோசித்து யோசித்துச் செய்யப் பழகி, பிறகு மறுபடியும் யோசிக்காமல் செய்யும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்தவர் இப்படிப் புதிதாகக் கற்க வேண்டியவை ஏராளம். தொடையிலோ வயிற்றிலோ தானே ஊசி போட்டுக்கொள்வது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதவர்கள் மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது. விரல் மரத்துப்போய், கையும் நடுங்கினால் அது எவ்வளவு நுட்பமான வேலை என்று எண்ணிப் பாருங்கள். விழுந்தால் யாரும் தூக்காமல் எழுவது. சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாறுவது. ஓடுவதையும் நீந்துவதையும் ஆடுவதையும் மட்டுமே திறன் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் சின்னதாகத் தெரியலாம். ஒருவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு வாழ்வதா, பிறர் கையை எதிர்பார்த்து இருப்பதா என்பது இந்தச் சின்னப் பட்டியலில்தான் தீர்மானமாகிறது.

மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்பு விழுந்த பிறகு புதிய அசைவைக் கற்கும் ஆற்றல் மிஞ்சுமா? மிஞ்சுகிறது, பலருக்குப் பெருமளவில் மிஞ்சுகிறது என்பதே கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பதில். ஆனால் அந்த ஆற்றலை வெளியே தெரியவிடாமல் மூடிவைக்கும் இரண்டு உண்டு. ஒன்று சூடு, மற்றது களைப்பு. பினாங்கில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் ஜார்ஜ் டவுனில் இந்தக் கேள்வியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1868-இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக வரையறுத்தார். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறையைத் தாக்குகின்றன. உறை போன இடத்தில் நரம்புச் செய்தி மெதுவாகப் போகிறது, சிதறுகிறது, சில நேரம் நின்றே போகிறது. பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் தொடங்கும் இந்நோய் பெண்களுக்கே அதிகம். ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்குத் திடீர்த் தாக்குதலும் அதன்பின் தேறுதலுமாகத் தொடங்குகிறது. மற்றவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே படிப்படியாகக் கூடுகிறது.

மலேசியாவில் எம்.எஸ். அரிது. கோலாலம்பூர் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் சாந்தி விஸ்வநாதன் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் பேரில் மூன்று பேருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. பிரிட்டனில் அதே லட்சம் பேரில் இருநூறு பேரை ஒட்டி வருகிறது. மலேசிய விகிதத்தை அப்படியே பொருத்தினால், 17 லட்சம் பேர் வாழும் பினாங்கு மாநிலத்தில் எம்.எஸ். உள்ளவர்கள் ஐம்பது பேரைத் தொட மாட்டார்கள். இதற்கு நெருங்கிய நோயொன்று, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா, இங்கே ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது, சீனர்களிடையே கூடுதல். 2004-க்கு முன்பு இரண்டையும் பிரித்தறியும் இரத்தப் பரிசோதனை இல்லாததால் ஆசியாவில் பலரிடம் இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டன.

எண்ணிக்கை குறைவென்றால் நிம்மதிதானே என்று தோன்றலாம். நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு சுமை. பினாங்கில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் வருகிறவர்களில் பக்கவாதம் வந்தவர்களும், முழங்கால் தேய்ந்தவர்களும், மோட்டார் விபத்தில் அடிபட்டவர்களுமே மிகுதி. பக்கவாதம் ஒரே அடி, அதன்பின் ஏறுமுகம். அந்த ஏறுமுகத்தை மனத்தில் வைத்தே பயிற்சித் திட்டம் போடப்படுகிறது. போன வாரம் பத்து மீட்டர், இந்த வாரம் பதினைந்து மீட்டர் என்று எழுதிக்கொண்டு போகலாம். எம்.எஸ். அப்படிப் போகாது. காலையில் பதினைந்து மீட்டர் நடந்தவர் அதே நாள் மதியம் ஐந்து மீட்டரில் நின்றுவிடுவார். நோய் கூடிவிட்டது என்று அவரும் பயப்படுவார், பயிற்சி பலிக்கவில்லை என்று பயிற்றுநரும் நினைப்பார். பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

அந்த மதியத்தின் கதை 1890-இல் தொடங்குகிறது. வில்ஹெல்ம் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்திய பிறகு எம்.எஸ். நோயாளிகளுக்குச் சிறிது நேரம் பார்வை மங்குவதைக் கண்டு எழுதினார். உழைப்புதான் காரணம் என்று அவர் கருதினார். உழைப்பால் ஏறும் உடல் சூடே காரணம் என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. உறை இழந்த நரம்பிழை சூட்டைத் தாங்காது. உடலின் உள்வெப்பம் அரை பாகை செல்சியஸ் ஏறினாலே சிலருக்குச் செய்தி அந்த இடத்தில் நின்றுபோகும். உடல் குளிர்ந்ததும் திரும்ப ஓடத் தொடங்கும். புதிய சேதம் எதுவும் நேர்வதில்லை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறிகள் கூடுகின்றனவா என்று பார்த்தே நோயை உறுதிசெய்யும் வழக்கம்கூட இருந்தது.

இந்த ஒரு கவனிப்பு இரண்டு தலைமுறை நோயாளிகளை உட்காரவைத்துவிட்டது. உடலை வருத்தாதே, ஓய்வெடு என்பதே பல பத்தாண்டுகள் மருத்துவரின் அறிவுரையாக இருந்தது. 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டஜனும் அவர் குழுவினரும் 54 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினரை 15 வாரம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். உடல்வலிமை ஏறியது, மனச்சோர்வு குறைந்தது, நோய் கூடவில்லை. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: பயிற்சி செய்தவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கும் அந்தக் காலத்தில் புதிய தாக்குதல் வந்திருந்தது. பயிற்சி தாக்குதலைத் தூண்டும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் பயம் இன்னும் போகவில்லை. குறிப்பாக நம் வீடுகளில் போகவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உடற்பயிற்சி செய்யலாம் என்பது ஒரு விஷயம். புதிய அசைவைக் கற்க முடியும் என்பது வேறு. முன்னது தசைக்கும் இதயத்துக்கும் உரியது, பின்னது மூளையின் வேலை. மூளைதான் அடிபட்டிருக்கிறது.

இதைச் சோதிக்க வலென்டினா தொமாசினி என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழுவினர் எடுத்துக்கொண்ட வேலை மிக எளியது. திரையில் ஒரு பட்டை ஏறி இறங்கும். விரலால் ஓர் அழுத்தமானியை அமுக்கி, இன்னொரு பட்டையை அதற்கு இணையாக ஏற்றி இறக்க வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் பட்டை தாண்டிப் போய்விடும், குறைந்தால் பின்தங்கும். எம்.எஸ். உள்ளவர்கள் தொடக்கத்திலேயே ஆரோக்கியமானவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சில நிமிடப் பயிற்சியிலும் சரி, இரண்டு வாரப் பயிற்சியிலும் சரி, அவர்கள் முன்னேறிய அளவு மற்றவர்களுக்குக் குறையவில்லை. மூளையில் சேதம் கூடுதலாக இருந்தவர்களும் கற்றார்கள். இந்த முடிவு 2011-இல் வெளியானது. இதற்கு மாறான முடிவுகளும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2007-இல் மிலானில் நடந்த ஓர் ஆய்வில் எம்.எஸ். உள்ளவர்கள் குறுகிய நேரத்தில் குறைவாகவே கற்றார்கள். ஜெனோவாவில் லாரா பொன்ஸானோ குழுவினர், இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற பாலம் சிதைந்த அளவுக்கு விரலசைவு வரிசையைக் கற்பது கடினமாவதைக் கண்டார்கள். சிறுமூளை அடிபட்டவர்களுக்கும், பிழையைப் பார்த்து அடுத்த அசைவைத் திருத்திக்கொள்வது கடினம். ஆகவே எல்லாருக்கும் ஒரே அளவில் இந்த ஆற்றல் மிஞ்சுகிறது என்று சொல்ல முடியாது. தழும்பு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது அது.

இந்த முரண்பாட்டில் ஒரு பகுதி, எதை அளக்கிறோம் என்பதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஒருவர் இப்போது, இந்த நிமிடம் எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது ஒன்று. அவருக்குள் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது மற்றொன்று. 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகியவர்கள் பயிற்சி நேரத்தில் வேகமாக முன்னேறினார்கள். மூன்று அசைவுகளை மாற்றி மாற்றிக் குழப்பிப் பழகியவர்கள் தடுமாறினார்கள். நாட்கள் கழித்துச் சோதித்தபோது தடுமாறியவர்களிடமே திறன் அதிகம் தங்கியிருந்தது. அந்த நேரத்துச் செய்கையைப் பார்த்துக் கற்றலை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். எம்.எஸ். உள்ளவரிடம் இந்த ஏமாற்றம் பலமடங்கு. சூடேறிய நரம்பு இன்றைய செய்கையைக் கெடுக்கும். முந்தின நாள் கற்றதை அது அழித்துவிடுவதில்லை. மதியம் ஐந்து மீட்டரில் நின்றவரை மறுநாள் காலை குளிர்ந்த நேரத்தில் நடக்கவைத்துப் பார்த்தால்தான் அவர் கற்றாரா இல்லையா என்று தெரியும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில், மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்க ஆறு வாரம் பழகியவர்களின் மூளையில் வெண்பொருள், அதாவது மயலின் உறையுள்ள இழைகள் நிறைந்த பகுதி, மாறியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. ஒருவர் எவ்வளவு திறமையாகப் பிடித்தார் என்பதோடு அந்த மாற்றத்துக்குத் தொடர்பில்லை. பழகியதே போதுமாக இருந்தது. 2014-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் வில்லியம் ரிச்சர்ட்சன் ஆய்வகம் இன்னும் ஆழமாகப் போனது. எலிகளுக்கு ஓடும் சக்கரம் கொடுத்தார்கள். ஆனால் கம்பிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் இருந்தன. எலி காலடியை எண்ணி வைத்தால்தான் ஓட முடியும். வளர்ந்த வயதில் மயலின் செய்யும் புதிய அணுக்கள் உருவாகாதபடி மரபணுவை மாற்றிய எலிகளால் அந்தச் சக்கரத்தில் தேற முடியவில்லை. மாற்றத்துக்கு முன்பே கற்றுவிட்டிருந்த எலிகளோ முன்போலவே ஓடின. பழைய திறனை நினைவில் வைத்திருக்கப் புதிய மயலின் தேவையில்லை, புதிதாகக் கற்கத் தேவை.

எம்.எஸ். என்பது மயலினை இழக்கும் நோய். அதனால் இந்த எலிகளின் கதை முதலில் நம்பிக்கையைக் குலைக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம் 2020-இல் வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஈத்தன் ஹியூஸ் குழுவினர், மருந்து கொடுத்து மயலினை இழக்கவைத்த எலிகளுக்கு ஒரு புதிய வேலை கற்றுக்கொடுத்தார்கள்: குறுகிய பிளவு வழியே முன்னங்காலை நீட்டி உணவுத் துணுக்கை எடுப்பது. மயலின் இழப்பு நின்ற பிறகு கற்ற எலிகளில் புதிய உறை கூடுதலாக உருவானது. தப்பிப் பிழைத்த பழைய அணுக்களும் உறை செய்யும் வேலையில் சேர்ந்துகொண்டன. எப்போது கற்றன என்பது முக்கியமாக இருந்தது. கற்பதற்கு மயலின் வேண்டும், கற்பதோ மயலினைத் தூண்டுகிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் தாக்குதல் நடக்கும் வாரங்களில் ஓய்வு, அது அடங்கிய பிறகு தாமதிக்காமல் பயிற்சி என்ற மருத்துவ நடைமுறைக்கு இது துணைநிற்கிறது.

மனிதரிடமும் சில சான்றுகள் இருக்கின்றன. ரோம் நகரில் லூக்கா ப்ரோஸ்பெரினி குழுவினர், நின்டெண்டோ விற்ற விளையாட்டுப் பலகையை எம்.எஸ். உள்ளவர்களின் வீட்டுக்குக் கொடுத்து, அதன்மேல் நின்று சமநிலை விளையாட்டுகளை 12 வாரம் ஆடவைத்தார்கள். நிற்கும் நிலை உறுதியானது. சிறுமூளையிலிருந்து மேலே போகும் நரம்புப் பாதைகளிலும் மாற்றம் தெரிந்தது. பயிற்சியை நிறுத்தி 12 வாரம் கழித்துப் பார்த்தால் அந்த மாற்றம் நிலைக்கவில்லை. பொன்ஸானோ குழுவினரின் இன்னோர் ஆய்வும் முக்கியமானது. கைப் பயிற்சியில் ஒரு குழுவினர் தாமே முயன்று அசைத்தார்கள். மற்றவர்களின் கையைப் பயிற்றுநர் பிடித்து அசைத்தார். தாமே முயன்றவர்களின் நரம்புப் பாதைகள் காக்கப்பட்டன. பிடித்து அசைக்கப்பட்டவர்களின் பாதைகள் அப்படிக் காக்கப்படவில்லை.

இந்தக் கடைசி ஆய்வைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு பெண்ணுக்கு எம்.எஸ். என்று தெரிந்த நாளிலிருந்து அவரைச் சுற்றி எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். "நீ உக்காரும்மா, நான் எடுத்துத் தர்றேன்." "அக்கா, படியில ஏறாதீங்க, நான் போய்ட்டு வர்றேன்." பாசத்தால்தான். சட்டைப் பொத்தானை மாமியார் போட்டுவிடுகிறார், தோசையைத் தம்பி பிய்த்துத் தருகிறான். சில மாதங்களில், முயன்றிருந்தால் செய்திருக்கக்கூடியதும் போய்விடுகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டாப் இதைத்தான் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்று விளக்கினார். கை முயல்கிறது, தோற்கிறது. மற்றக் கை எளிதில் செய்துவிடுகிறது. தோற்ற கை மெல்ல மெல்ல முயல்வதையே நிறுத்துகிறது. நல்ல கையை உறையிட்டுக் கட்டிப்போட்டு, தளர்ந்த கையை நாளுக்குப் பல மணிநேரம் வேலைவாங்கும் அவருடைய முறை முதலில் பக்கவாதத்துக்கு வந்தது, பிறகு எம்.எஸ்.ஸுக்கும் சிறிய அளவில் சோதிக்கப்பட்டுப் பயன் தந்தது. பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். அந்த ஐந்து நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பது குடும்பம் செய்யக்கூடிய சிகிச்சை.

சாப்பாட்டில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. வலது கை நடுங்கத் தொடங்கினால் வாழையிலையில் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடும். இடது கையால் பழகலாம். இடது கை நன்றாகவே இருக்கலாம். ஆனால் திருமண மண்டபத்தில், கோயில் அன்னதானத்தில், இடது கையால் உண்பவரை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு அஞ்சிப் பலர் விருந்துக்குப் போவதையே விட்டுவிடுவார்கள். மூளை கற்கத் தயாராக இருக்கும்போது ஊர் கற்கவிடாமல் செய்கிறது. மலேசியாவில் நமக்கு ஒரு வசதி உண்டு: கரண்டியும் முள்ளும் எல்லா மேசையிலும் இருக்கின்றன, யாருக்கும் அது விநோதமில்லை. தடித்த பிடியுள்ள, கொஞ்சம் கனமான கரண்டி நடுக்கத்தைச் சிலருக்குக் குறைக்கும். ஆனாலும் கையால் உண்ண விரும்புகிறவருக்கு இடது கையைப் பழக்கிக்கொள்ளும் உரிமை உண்டு. முதலில் பெரியவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் மற்றவர்கள் தாமே பழகிவிடுவார்கள்.

இனி ஊருக்குள் இறங்குவோம். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை, காக்கி லீமா, நடப்பவருக்கு நிழல் தருகிறது. எம்.எஸ். உள்ளவருக்கு அந்த நிழல் பெரிய உதவி. ஆனால் கால் வைக்கும் தரை? ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் விருப்பத்துக்கு உயர்த்தியிருக்கிறார். ஒரு வாசலில் வழவழப்பான ஓடு, அடுத்ததில் சிமெண்ட், அதற்கடுத்ததில் நாலு விரற்கடை இறக்கம். நடுவில் நிறுத்திய மோட்டார், மூட்டைகள், நாற்காலிகள். விலகிப் போக வேண்டுமென்றால் சாக்கடையைத் தாண்டிச் சாலையில் இறங்க வேண்டும். பாதத்தை முழுதாகத் தூக்க முடியாமல் விரல் தரையில் உரசும் நிலை எம்.எஸ்.ஸில் மிகச் சாதாரணம். இரண்டு சென்டிமீட்டர் உயர வேறுபாடு போதும், தடுக்கி விழ. எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் ஒரு முறையாவது விழுந்திருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

வசதியான மாற்று பேரங்காடி. கர்னி பிளாசாவிலும் குயின்ஸ்பேயிலும் குளிர்சாதனம் உண்டு, தரை சமம், கழிப்பறை பக்கத்தில், உட்கார இடம் உண்டு. சூட்டால் நரம்பு அடைபடாமல் ஒரு மணி நேரம் நடக்கலாம். தயங்காமல் போங்கள் என்றே நான் சொல்வேன். ஆனால் அசைவுக் கற்றலில் ஒரு பிடிவாதமான விதி இருக்கிறது: எதைப் பழகுகிறோமோ அதில்தான் தேறுவோம். சமதரையில் பழகிய கால் காக்கி லீமாவின் ஏற்றத்தாழ்வைத் தானாகக் கற்றுக்கொள்ளாது. ரிச்சர்ட்சனின் எலிகளுக்கும் அப்படித்தான். ஒழுங்கற்ற கம்பிகள்தான் கற்றுத்தந்தன.

பினாங்கின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. குளிர்ந்த இடங்கள் சமதரையாக இருக்கின்றன. வாழ வேண்டிய இடங்கள் சூடாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் இந்தச் சிக்கலைச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. அவற்றின் பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்துவந்து மதியம் இரண்டு மணிக்கு இங்கே செய்யச் சொன்னால் தோல்வி உறுதி. இரண்டு கட்டமாகப் பிரிப்பதுதான் வழி. அசைவை முதலில் குளிர்ந்த இடத்தில் கற்க வேண்டும். அது கொஞ்சம் கைவந்ததும் உண்மையான தெருவில், உண்மையான வாசற்படியில், மிகச் சிறிய அளவில், நாளின் குளிர்ந்த நேரத்தில் பழக வேண்டும். ஒரே கடைவீட்டு வாசல், ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், பத்து நிமிடம், பிறகு உட்கார்ந்து ஓய்வு. மறுநாள் அடுத்த வாசலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குளிர்ந்த நேரம் என்பதிலும் இங்கே ஒரு நெருக்கடி. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கப்பட்டதிலிருந்து பினாங்கில் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் உதிக்கிறது. வெளிச்சமும் குளிர்ச்சியும் சேர்ந்திருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணிதான். அந்த நேரத்தில்தான் வேலைக்கும் பள்ளிக்கும் எல்லாரும் கிளம்புகிறார்கள், கூட வர ஆளிருக்காது. காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியிருப்பதால் வேர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே ஒட்டிக்கிடக்கும். வறண்ட ஊர்களைவிட இங்கே உடல் மெதுவாகத்தான் ஆறும். பயிற்சிக்கு முன்பே உடலைக் குளிரவைத்துக்கொள்வது நல்ல உத்தி. யூட்டா குழுவினரே 2000-இல் இதைச் சோதித்தார்கள்: இடுப்புவரை 16, 17 பாகை நீரில் அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு பயிற்சி செய்தவர்களுக்கு உடல் சூடேறுவது குறைந்தது. வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஒரு வாளியில் ஐஸ் போட்டுக் கால் வைப்பதும், கழுத்தைச் சுற்றி நனைத்த துண்டும், பயிற்சிக்கிடையில் குளிர்ந்த நீரும் போதும். ஒரு எச்சரிக்கை: உணர்ச்சி மரத்த காலை ஐஸ் நீரில் நெடுநேரம் வைத்தால் தோல் புண்ணாவது தெரியாமலே போகும், கையால் நீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும், கையும் மரத்திருந்தால் வேறொருவர் சோதிக்க வேண்டும்.

1923 முதல் ரயில் ஏறும் கொடிமலையை இந்தக் கண்ணோடு நாம் பார்த்ததில்லை. மேலே, கீழ்நிலத்தைவிட ஏறக்குறைய ஐந்து பாகை குளிர்ச்சி. மேடும் பள்ளமும் உண்டு. குளிர்ந்த இடமும் சமமற்ற தரையும் சேர்ந்து கிடைப்பது பினாங்கில் அங்கேதான். சுற்றுலாப் பயணிகளின் கூட்டமில்லாத ஒரு வாரநாள் காலையில் ஒரு பயிற்றுநரோடு நாலைந்து பேர் போய்வருவது பெரிய செலவாகாது.

தாவரவியல் பூங்காவிலும் இளைஞர் பூங்காவிலும் விடியற்காலையில் சீனப் பெரியவர்கள் தாய்ச்சி பழகுவதை இந்த ஊரில் வளர்ந்த எல்லாரும் பார்த்திருப்போம். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுவது, உடலைத் திருப்பிக்கொண்டே நிலை தவறாதிருப்பது: எம்.எஸ். முதலில் பறிப்பவை இவைதான். ஜெர்மனியில் ஆறு மாதம் தாய்ச்சி பழகிய எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சமநிலையும் ஒருங்கிணைப்பும் கூடியதாக 2014-இல் வெளியான சிறிய ஆய்வு சொல்கிறது. யோகத்துக்கும் சான்று உண்டு: ஓரிகனில் 69 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில் ஐயங்கார் முறை யோகம் களைப்பைக் குறைத்தது. சாதாரண உடற்பயிற்சியும் அதே அளவு குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யோகத்துக்கு மட்டும் தனி மகிமை ஏற்றத் தேவையில்லை. பினாங்குத் தமிழருக்குத் தாய்ச்சிக் குழுவில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கலாம். யாரும் விரட்ட மாட்டார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பழகலாம், பாதியில் உட்காரவும் செய்யலாம்.

தண்ணீர்மலைப் படிகளைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். நோய் வந்த பிறகு அந்தப் படிகளை ஏறுவதாக வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. வேண்டுதலைத் தடுக்க எனக்கு மனமில்லை; அதுவே பலருக்குப் பயிற்சியைத் தொடரவைக்கும் காரணம். ஆனால் தைப்பூச நாளின் நெரிசலிலும் வெயிலிலும் அதைச் செய்யக் கூடாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம்: தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், அதற்குள் உடல் சூடேறிக் களைத்திருக்கும். இருபது படி ஏறி, இருபது படி இறங்கி, நிழலில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போவது ஒரு நாளைக்குப் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் பேச்சு வேண்டாம். பேசிக்கொண்டே நடந்தால் எம்.எஸ். உள்ளவரின் நடை மற்றவர்களைவிட அதிகம் குலைகிறது. பழகப் பழக அசைவு தானாக நடக்கத் தொடங்கிய பிறகே பேச்சைச் சேர்க்கலாம்.

இவ்வளவும் கற்ற பிறகு நோய் கூடினால்? கூடலாம். படிப்படியாகக் கூடும் வகையில் இன்று பழகிய நடை நாலு ஆண்டு கழித்துக் கைகொடுக்காமல் போகலாம். அப்போது சக்கர நாற்காலியை ஓட்டக் கற்க வேண்டும். அதுவும் புதிய திறன்தான். அதையும் அதே மூளைதான் கற்கப்போகிறது. நடை போய்விட்டதே என்று துக்கப்படுகிற நேரத்தில் நாற்காலி கற்றுக்கொடுப்பதைத் தள்ளிப்போடுவது வழக்கம். தள்ளிப்போடக் கூடாது. கையில் வலு இருக்கும்போதே, நடக்க முடிகிற காலத்திலேயே, நாற்காலியில் திரும்பவும் சரிவில் இறங்கவும் பழகிவைத்தவருக்கு அந்த நாள் வரும்போது அது புதிய அதிர்ச்சியாக இருக்காது. ரிச்சர்ட்சனின் எலிகளிடமும் மாற்றத்துக்கு முன்பு கற்றது நிலைத்து நின்றது.

பினாங்கில் இந்த நோயுள்ளவர்கள் சிலரே என்பதால் அவர்களுக்கென்று தனி மையம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996-இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாம், நோயாளியே முன்வந்து உருவாக்கும் பயிற்சி மையம் இந்நாட்டில் சாத்தியம் என்று காட்டியது. பினாங்கிலும் அதற்கு மையம் உண்டு. நோயின் பெயரை வைத்துப் பிரிக்காமல் கற்க வேண்டிய அசைவை வைத்துக் குழு சேர்த்தால், படி இறங்கக் கற்கிறவர் எந்த நோயால் வந்தவராயினும் ஒரே வகுப்பில் கற்கலாம். எம்.எஸ். உள்ளவருக்கு அந்த வகுப்பில் மூன்று சலுகை போதும்: காலை முதல் நேரம், குளிர்சாதனத்துக்குப் பக்கத்து இடம், இடையிடையே ஓய்வு. ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பொது மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், இயன்முறைச் சிகிச்சைக்கு நேரம் குறிக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். பகல் இரண்டு மணி கிடைத்தால் எட்டரை மணிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள். பயிற்றுநர் ஒவ்வொரு முறையும் எத்தனை மீட்டர் என்பதோடு எத்தனை மணி, அறை எவ்வளவு சூடு, முந்தின இரவு தூக்கம் எப்படி என்பதையும் எழுதிவைக்கட்டும். ஒரே நேரத்தில், ஒரே சூட்டில் எடுத்த அளவுகளை மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, இவருக்குப் பயிற்சி பலிக்கிறதா என்று முடிவுசெய்யட்டும்.